ஆறு பருவச் சுவர்: பெர்த் தெருக்குழுவின் உரையாடல்

மூலைவீட்டு அக்கா: அனைவருக்கும் வணக்கம். ஆற்றோரப் பூங்காவின் நீளச் சுவரில், தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் ஆறு பருவங்களை மொசைக்காகப் பதிக்க ஒப்புதல் கிடைத்துவிட்டது. பிராக், புனுரு, ஜெரன், மகுரு, ஜில்பா, கம்பராங் என்னும் ஆறில் மகுருவுக்கும் கம்பராங்குக்கும் உரிய பலகைகளில் ஓடு வெட்டி ஒட்டும் வேலை நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வந்திருக்கிறது. நம் கருத்துகளை இங்கேயே பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போகலாம்.

மாடிவீட்டுத் தம்பி: அக்கா, இரண்டு பலகைகளையும் புள்ளிகளாலேயே நிரப்பிவிடலாமே. பூர்வகுடி ஓவியம் என்று சொன்னதும் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வரும், வேலையும் எளிது.

வரலாற்று மாமா: தம்பி, நீங்கள் சொல்லும் புள்ளி ஓவியம் 1971இல் மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில், பப்புன்யா என்ற குடியிருப்பில் தொடங்கிய இயக்கத்தால் உலகறிந்தது. நாம் குடியிருப்பதோ நூங்கார் மக்களில் வாஜுக் பிரிவினரின் நிலம். இங்குள்ளவர்களின் ஓவிய மரபைப் பார்க்க விரும்பினால் கேரலப் சிறுவர்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1940களில் கட்டானிங் ஊருக்கு அருகே ஒரு குடியிருப்பில் அடைக்கப்பட்டிருந்த அந்தப் பூர்வகுடிச் சிறுவர்கள், செவ்வானத்தின் முன் கருநிழலாக நிற்கும் மரங்களையும் காட்டையும் வண்ணத்தில் தீட்டினார்கள். அவற்றின் பெருந்தொகுப்பு ஒன்று அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இருந்துவிட்டு, 2013இல்தான் இங்குள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தது.

மாடிவீட்டுத் தம்பி: அப்படியானால் அந்தப் படங்களைப் பார்த்து நாமே வரைந்துகொள்ளலாமா மாமா?

மூலைவீட்டு அக்கா: கூடாது தம்பி. வடிவத்தை வரையப்போகிறவர் ஒரு நூங்கார் ஓவியர். மூத்தோர் அதைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே நாம் ஓடு வெட்டும் நிப்பரைக் கையில் எடுப்போம். ஓவியருக்கும் மூத்தோருக்கும் தரவேண்டிய ஊதியம் திட்டச் செலவில் முதல் வரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பொருள் வாங்கியது போக மிஞ்சியதைக் கொடுக்கும் வழக்கத்தை நான் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது எனக்குச் சிறிதும் பிடிக்காது.

எதிர்வீட்டுச் சித்தி: நமக்கும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகள் உண்டே. ஒவ்வொரு பலகையின் கீழும் மாதப் பெயரையும் நம் பொழுதின் பெயரையும் சேர்த்து எழுதினால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும் அல்லவா?

வரலாற்று மாமா: எண்ணிக்கை ஒன்றாக இருப்பது எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் ஒப்புமை அதற்கு மேல் செல்லாது. நம் கார்காலம் ஆவணி, புரட்டாசி. ஆனால் இங்கே மழையும் குளிரும் சேர்ந்துவரும் மகுரு ஜூன், ஜூலையை ஒட்டி அமைகிறது. அதோடு, இவர்களுடைய பருவத்தை நாட்காட்டி தொடங்கிவைப்பதில்லை. அண்டங்காக்கைகள் இணை இணையாகப் பறப்பதையும் கருப்பு அன்னங்கள் கூடுகட்ட ஆயத்தமாவதையும் கண்டால் மகுரு. இரவுகள் குளிர்ந்து, காலையில் பனித்துளி படிந்து, எறும்புகள் சிறகோடு பறந்தால் ஜெரன். ஆகவே மாதப் பெயரை ஓட்டில் பதித்தால், ஒரு வருடம் மழை பிந்தினாலும் நம் சுவர் பொய் சொல்லும். பிள்ளைகளுக்கு அன்னத்தைக் காட்டினால் போதும், சித்தி.

எதிர்வீட்டுச் சித்தி: சரி, மாதப் பெயர்கள் வேண்டாம். கம்பராங் பலகையில் காட்டுப்பூக்களோடு, ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் குலுங்கும் அந்த மூஜர் மரத்தைப் பெரிதாக வைக்கச் சொல்லலாமா?

மூலைவீட்டு அக்கா: இறந்தவர்களின் ஆன்மா தங்கிச் செல்லும் மரமாக அதை நூங்கார் மக்கள் போற்றுகிறார்கள், பூங்கொத்தைக் கூட ஒடிப்பதில்லை. அதனால் அதை வைக்கலாமா, வைத்தால் எங்கே என்பதை மூத்தோரே சொல்லட்டும். நாம் விருப்பமாகக்கூட முன்வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கம்பராங்குக்கு மஞ்சள், மகுருவுக்குக் கருநீலம் என்று நிறத்தை மட்டும் இப்போதே திட்டமிடலாம்.

டைல்ஸ் அண்ணன்: வேலைமுறையை நான் சொல்லிவிடுகிறேன். முழு அளவு வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் ஃபைபர் கண்ணாடி வலையைப் போட்டு, சமுதாயக் கூடத்தின் மேசையிலேயே துண்டுகளை ஒட்டிக்கொண்டால், பிறகு வலையோடு தூக்கிச் சுவரில் பதித்துவிடலாம். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையை வெளிச்சுவர் வேலைக்கு யாரும் வாங்க வேண்டாம். மழை உள்ளே இறங்கினால் பசை இளகி ஓடு உதிரும். இடுக்குகளை அடைக்கும் கலவையான கிரவுட் நிரம்புவதற்காகத் துண்டுகளுக்கு இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அது மேற்குப் பார்த்த சுவர் என்பதால் புனுரு வெயிலில் சிமெண்ட் கலவை பிடிப்பதற்குள் ஈரம் இழந்துவிடும், மகுருவிலோ மழை நிற்காது. நல்ல நேரம் ஏப்ரல், மே மாதங்களை ஒட்டிவரும் ஜெரன்தான்.

மாடிவீட்டுத் தம்பி: என் மகளும் ஓடு வெட்ட ஆசைப்படுகிறாள் அண்ணா.

டைல்ஸ் அண்ணன்: சிறுவர்கள் துண்டுகளை அடுக்கட்டும், வெட்டுவது பெரியவர்களின் வேலை. வெட்டுகிறவர்கள் பாதுகாப்புக் கண்ணாடியும், கிரவுட் கலக்குகிறவர்கள் முகக்கவசமும் அணிய வேண்டும்.

மூலைவீட்டு அக்கா: ஜூலை முதல் ஞாயிறு தொடங்கும், பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரத்தில் சுவரைத் திறக்க எண்ணியிருக்கிறார்கள், ஆகவே மே முடிவதற்குள் நம் பலகைகள் சுவரேற வேண்டும். மேசை வேலைக்கு எந்தக் கிழமைகளில் வர இயலும் என்பதை அவரவர் இன்றிரவுக்குள் இங்கே எழுதிவிடுங்கள்.