100 யார்டில் கிராஸ்போ அம்பு மேலும் கீழுமாகச் சிதறுகிறது: எதை முதலில் சோதிப்பது?

கேள்வி

வணக்கம். ஒன்டாரியோவில் ரேஞ்சில் பேப்பர் டார்கெட் மட்டும் அடிக்கிறேன். 400 எஃப்.பி.எஸ். (நொடிக்கு 400 அடி) கிராஸ்போ (விசை இழுத்து விடும் வில்), 20 அங்குல கார்பன் அம்பு, 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) ஃபீல்ட் பாயின்ட் (பயிற்சி முனை), மொத்த எடை 400 கிரெயினை ஒட்டி. பெஞ்சில் தாங்கு வைத்துத்தான் விடுகிறேன். 60 யார்டில் குரூப் (அம்புகள் பட்ட இடங்களின் பரவல்) 3 அங்குலம். 100-இல் அகலம் 5 அங்குலம்தான், ஆனால் உயரம் 8. முனையைக் கனமாக்கலாமா, இறகைப் பெரிதாக்கலாமா? எந்த வரிசையில் சோதிப்பது?

பதில் 1

முனையையும் இறகையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் எண்களே பாதி விடையைச் சொல்கின்றன. 60-இல் 3 என்றால் 100-இல் 5 வருவது இயல்பு. அகலம் அப்படியே வந்திருக்கிறது. உயரம் மட்டும் மிஞ்சுகிறது என்றால் அம்புக்கு அம்பு வேகம் மாறுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

400 எஃப்.பி.எஸ். என்பது நொடிக்கு 122 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 100 யார்டில் அம்பு ஏறத்தாழ 2.75 மீட்டர் இறங்கும். 20 யார்டில் 11 செ.மீ.தான். வேகம் 1% மாறினால் இறக்கம் 2% மாறும். அதாவது 100-இல் 5.5 செ.மீ., 20-இல் 2 மி.மீ. 20 யார்டில் ஒட்டி நிற்கிற குரூப்பை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எடையில் 4 கிரெயின் கூடினால் வேகம் சுமார் அரை சதவீதம் குறையும். 100-இல் இரண்டரை, மூன்று செ.மீ. கீழே போகும். 0.1 கிரெயின் காட்டும் தராசில் முழு அம்பையும் நிறுத்துப் பாருங்கள். பிறகு முனைகளைக் கழற்றித் தனியாக நிறுங்கள். 100 என்று அச்சிட்ட முனைகளே ஒன்றுக்கொன்று ஓரிரு கிரெயின் மாறும். கனமான ஷாஃப்டுக்கு (அம்பின் தண்டு) லேசான முனையை ஜோடி சேர்த்தால் செலவில்லாமல் 2 கிரெயின் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனா எடை மட்டுமே 8 அங்குலத்துக்குக் காரணமா இருக்காது. தப்பு அம்புலயா வில்லுலயான்னு முதல்ல பிரிச்சாகணும். 3 அம்பு குரூப்பை வச்சு அதைச் சொல்லவே முடியாது.

6 அம்புக்கும் நம்பர் எழுதுங்க. பேப்பர்ல 6 புள்ளி வைங்க, ஒரே புள்ளியில அடிச்சா அம்பு மேல அம்பு ஏறி நாக் (நாண்ல பொருந்துற வால் முனை) உடையும். முதல் சுத்து 1-லேருந்து 6, அடுத்த சுத்து 6-லேருந்து 1. அஞ்சு சுத்து, ஒவ்வொரு சுத்துலயும் புள்ளியை மாத்துங்க. புள்ளியிலேருந்து எவ்வளவு மேல, கீழ, இடம், வலம்னு நம்பரோட குறிங்க. 4-ம் நம்பர் எப்பவும் கீழயே போகுதுன்னா அந்த அம்புல கோளாறு. எந்த நம்பரும் ஒரே பக்கம் போகாம ஆறுமே சிதறுதுன்னா வில், நாண், தாங்கு, காத்து, இதுல ஏதோ ஒண்ணு.

அம்புல கோளாறுன்னு தெரிஞ்சா: உருளை மேல வச்சுச் சுத்தி முனை ஆடுதான்னு பாருங்க. ஆடினா ஷாஃப்ட் நுனி நேரா வெட்டுப்படல, இல்ல முனையைத் திருகுற இன்செர்ட் கோணலா ஒட்டியிருக்கு. ஆடலைன்னா நாக்கை 120 டிகிரி திருப்பி அடுத்த இறகு ரெயில் (அம்பு உட்கார்ற தடம்) பள்ளத்துல உட்காரும்படி வச்சு விடுங்க. கார்பன் குழாய் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பா இருக்காது. சில அம்பு இதுலயே குரூப்புக்குள்ள வந்துடும்.

வில்லுல கோளாறுன்னா: நாண் ரெயிலைத் தொடுற இடத்துல ரெண்டு பக்கமும் மார்க்கர் கோடு போடுங்க. கயிறு காக்கர் (நாணைச் சமமா இழுக்கிற கயிறு) போட்டு இழுத்த பிறகும் ரெண்டு கோடும் ரெயில் ஓரத்துல சமமா நிக்கணும். ரெயில் மசகு காய்ஞ்சிருந்தா வேகம் ஏறி இறங்கும். குரோனோகிராஃப் (அம்பு வேகத்தை அளக்கிற கருவி) இருந்தா ஒரே அம்பைப் பல தடவை விட்டு அளந்தா இது உடனே தெரியும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. எஃப்.ஓ.சி. (அம்பின் சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து எத்தனை சதவீதம் முன்னால் இருக்கிறது என்பது) பற்றி யாரும் சொல்லவில்லையே? என் அம்பு நாக் பள்ளத்திலிருந்து 13 அங்குலத்தில் சமநிலையில் நிற்கிறது.

பதில் 1

நடுப்புள்ளி 10, வித்தியாசம் 3, நீளம் 20. ஆக 15%. இது போதும். கனமான முனை இந்தச் சதவீதத்தை ஏற்றும். கூடவே இறக்கத்தையும் ஏற்றி, ஷாஃப்டை அதிகம் வளைய வைக்கும். பெரிய இறகு அம்பைச் சீக்கிரம் நிலைப்படுத்தும், ஆனால் பக்கக் காற்றில் கூடுதலாக நகர்த்தும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், பழைய அம்பையும் புதிய அம்பையும் மாற்றி மாற்றி விடுங்கள். காலையில் பழையது, மாலையில் புதியது என்று விட்டால் நீங்கள் ஒப்பிடுவது காற்றைத்தான்.

பதில் 3

இரண்டு விஷயம் விட்டுப்போனது. ஸ்கோப்பில் குமிழ் மட்டம் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். வில் 1 டிகிரி சாய்ந்தால் 100 யார்டில் ஏறத்தாழ 5 செ.மீ. பக்கவாட்டில் போகும், உங்கள் 5 அங்குல அகலத்தில் ஒரு பங்கு அங்கிருந்தும் வரலாம்.

இன்னொன்று நாக். அம்பை நாணோடு இடைவெளி இல்லாமல் ஒட்டும்வரை தள்ளுங்கள். இடைவெளி விட்டால் நாண் வந்து இடிக்கும், வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். சோதனைக்காகக்கூட வில் தயாரிப்பாளர் சொல்லாத நாக்கைப் போட வேண்டாம். நாண் அம்பின் மேலேறினால் அம்பில்லாமல் வெற்று நாண் அடித்ததற்குச் சமம், வில்லின் கை (லிம்ப்) பிளந்துவிடும். குறைந்தபட்ச அம்பு எடைக்குக் கீழே போகாதீர்கள். விடும்போது விரல் ரெயிலுக்கு மேலே வரவே கூடாது.