12 இன்ச் ஓஹயோ ஸ்டாரை 9 இன்ச் ஆக்கினேன், முனைகள் சேரவில்லை

கேள்வி:
தங்கை மகளுக்கு 36 × 45 இன்ச்சில் ஒரு க்வில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். 9 இன்ச் பிளாக், அதாவது துண்டுகளைச் சேர்த்த ஒரு சதுரம், என்றால் நாலுக்கு ஐந்து, 20 பிளாக்கில் கச்சிதமாக முடியும். கையில் இருப்பதோ 12 இன்ச் ஓஹயோ ஸ்டாருக்கான அளவுகள். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் வரும் நட்சத்திர வடிவம் அது: நடுவிலும் மூலைகளிலும் சதுரம், மற்ற நாலு கட்டங்களிலும் நாலு நாலு முக்கோணம். அதனால் வெட்டும் அளவுகளை எல்லாம் 0.75-ஆல் பெருக்கினேன். 4½ இன்ச் சதுரம் 3⅜ ஆனது. முக்கோணங்களுக்கு வெட்டும் 5¼ இன்ச் சதுரம் கிட்டத்தட்ட 3 15/16. நிதானமாகத்தான் வெட்டித் தைத்தேன். ஆனாலும் முக்கோணங்கள் சேர்ந்த துண்டு பக்கத்துச் சதுரத்தைவிடச் சின்னதாக நிற்கிறது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் சதுரம் உப்பிக்கொள்கிறது, நட்சத்திர முனையும் மழுங்கிவிடுகிறது. இரண்டு நாளாகப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன். எங்கே தப்பு?

பதில் 1:
தையலுக்கு விடும் துணியையும் சேர்த்துச் சுருக்கிவிட்டீர்கள். பிளாக் எவ்வளவு சிறிதானாலும் தையலுக்குக் கால் இன்ச் கால் இன்ச்தான்.

பதில் 2:
மேலே சொன்னதுதான் காரணம். பிரிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுங்கள். முதலில் தைத்து முடிந்தபின் தெரியும் அளவு. 9 இன்ச்சை மூன்றாகப் பிரித்தால் கட்டத்துக்கு 3. சதுரத்துக்கு இரு பக்கத் தையலுக்கும் அரை இன்ச் சேர்த்து 3½ வெட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு முறை வெட்டி நாலு முக்கோணம் எடுக்கும் சதுரத்துக்கு 1¼ சேர்க்க வேண்டும், அதாவது 4¼. ஒரே முறை குறுக்கே வெட்டுகிற சதுரம் என்றால் முக்காலே அரைக்கால், 7/8. சாய்ந்த ஓரத்திலும் தையல் போவதால்தான் அரை இன்ச் போதவில்லை. சேர்க்கிற இந்த மூன்று எண்களும் (½, 1¼, 7/8) 6 இன்ச் பிளாக்குக்கும் 18 இன்ச் பிளாக்குக்கும் மாறாது.

உங்கள் கணக்கில் சதுரம் தைத்தபின் 2⅞ ஆகும், முக்கோணத் துண்டு 2 11/16-தான். ஒன்றில் அரை இன்ச்சும் இன்னொன்றில் 1¼ இன்ச்சும் சேர்ந்திருக்க, இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கினால் எப்படிப் பொருந்தும்? உங்கள் கையில் குற்றமே இல்லை.

பதில் 3:
எனக்கு 10 இன்ச்சில் வேண்டும். மூன்றால் வகுபடவில்லையே?

பதில் 2 எழுதியவர்:
3.33-ஐ ஸ்கேலில் தேடாதீர்கள், 20 பிளாக்கில் அந்தப் பிசகு கூடிக்கொண்டே போகும். 9 இன்ச்சில் தைத்துச் சுற்றிலும் 1 இன்ச் அகலப் பட்டை வையுங்கள். தைத்தபின் பக்கத்துக்கு அரை இன்ச் தெரியும், 10 ஆகிவிடும். நட்சத்திரங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் தனித்து நிற்பதும் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், எல்லோருமே மெஷினை ஒருமுறை சோதித்துவிடுங்கள். 1½ இன்ச் பட்டை மூன்றை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டால் நடுப்பட்டை சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு நூலளவு ஓரத்துக்கு நகர்த்துங்கள். மடிப்பே அந்த ஒரு நூலைத் தின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
என் நடுப்பட்டை 1 இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. ஊசியை நகர்த்திவிட்டு 3½, 4¼ என்று வெட்டி ஒரு பிளாக் தைத்தேன். ஓரத் தையலுக்கான அரை இன்ச்சோடு நான்கு பக்கமும் 9½. எட்டு முனைகளும் ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே நிற்கின்றன. மீதி 19-க்கு இன்றிரவே வெட்டப் போகிறேன்.