ஏர் எடுத்த பிறகும் பிரேக் பெடல் மெத்துன்னு இறங்குது

கேள்வி: டாட் 4 ரக பிரேக் ஆயில் மாற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தாச்சு (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றியாச்சு). கசிவு இல்லை. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினா பெடல் மேலே வருது. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமா மாற்றும் பாகம்) போச்சா?

பதில் 1: அவசரப்படாதீங்க. பம்ப் பண்ணி ஏறினா உள்ளே காற்று இருக்கலாம், இல்லைன்னா பின் சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம். காலிப்பரை (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தா, காற்றை வெளியேற்றும் நிப்பிள் கீழே போயிடும். மேலே தங்கிய காற்று எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் வராது.

பதில் 2: என்ஜின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் 30 விநாடி பிடிங்க. மெல்ல இறங்கிக்கிட்டே போனா மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல்தான் போயிருக்க வாய்ப்பு அதிகம். பழைய வண்டியில் தரை வரை மிதிச்சு ஏர் எடுத்தா சிலிண்டருக்குள் இருக்கும் துருவில் உரசி சீல் கிழியலாம். பெடல் முழுசா இறங்காம இருக்க அடியில் கட்டை வைக்கணும்.

பதில் 3: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாம தடுக்கும் அமைப்பு) இருக்கா? ஆயில் டப்பா இடையில் வற்றியிருந்தா, பல வண்டிகளில் வண்டி கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வழியா ஏபிஎஸ் பம்பை ஓட்டித்தான் காற்றை எடுக்க முடியும்.