வடிகட்டி அழித்த மின்னஞ்சல்கள்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

கத்ர்போர்ன் வாசி:
விளம்பர மின்னஞ்சல் தொல்லை தாங்காமல் ஜிமெயிலில் ஒரு வடிகட்டி போட்டேன். ‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற சொல் எங்கே இருந்தாலும் அழித்துவிட வேண்டும். ஏற்கெனவே வந்தவற்றுக்கும் சேர்த்து என்ற கட்டத்திலும் டிக் போட்டுவிட்டேன். எங்கள் குடும்பக் குழுவின் ஒவ்வொரு மடலின் அடியிலும், குழுவை விட்டு விலகுவதற்கான வரி அதே சொல்லோடு தானாக ஒட்டிக்கொண்டு வரும். அது எனக்கு நினைவே வரவில்லை.

காவடி நேரம். குழுவில் யாரும் எழுதக் காணோம். எல்லோரும் விரதத்தில் இருக்கிறார்கள், கோயில் வேலை தலைக்கு மேல் இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்துப் பெரியப்பாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. குப்பைத் தொட்டியைத் திறந்து கீழே உருட்டிக்கொண்டே போனேன். 30 நாளுக்கு முன் வந்த ஒரு மடலோடு பட்டியல் நின்றது. குப்பையில் 30 நாள் கிடந்ததை ஜிமெயில் தானாகவே அழித்துவிடுமாம். அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் திரை.

பெரியப்பா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. இங்கே மொரீஷியஸின் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேட்டைப் பார்த்து, எங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண், ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலும் தமிழுமாகக் கலந்து மடல் மடலாக எழுதியிருந்தார்.

டர்பன் அச்சகம்:
எங்களுடையது கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. ‘லோட் ஷெட்டிங்’ என்று இங்கே சொல்லும் முறை மின்வெட்டு அறிவிப்புகள் நாளுக்கு நாலு வந்துகொண்டிருந்த காலம். அந்த இரண்டு சொற்கள் உள்ள மடலை நிரந்தரமாக நீக்கும்படி அவுட்லுக்கில் விதி எழுதினேன். வாடிக்கையாளர் அம்மா ஒருவர், “லோட் ஷெட்டிங் பயத்தால் ஜெனரேட்டர் உள்ள மண்டபத்துக்கு மாறிவிட்டோம்” என்று எழுதியிருக்கிறார். நான் பார்க்கவே இல்லை. 300 பத்திரிகைகள். பெட்டியைப் பிரித்து, முதல் பத்திரிகையை எடுத்து, மண்டபத்தின் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு அந்த அம்மா பேசாமல் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ரெயூனியன் தம்பி:
எனக்கு ஒரு வேலை நேர்காணல் கடிதம் போயிற்று, அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதிய இருவரும் செய்த தவறு ஒன்றுதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. வடிகட்டிக்கு ‘அழி’ என்ற கட்டளையை எந்தக் காலத்திலும் கொடுக்கக் கூடாது. உட்பெட்டியைத் தாண்டி தனிப் பெயரிட்ட ஒரு கோப்புறையில் போய்ச் சேரட்டும். இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கையால் அழியுங்கள். விதியைச் சேமிப்பதற்கு முன் அதே சொல்லைத் தேடல் பெட்டியில் போட்டு, என்னென்ன சிக்குகிறது என்று பாருங்கள். ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள், அனுப்புநர் முகவரியையும் சேருங்கள். அவுட்லுக்கில் விதிகள் மேலிருந்து கீழாக வரிசையாக ஓடும். ‘மேற்கொண்டு விதிகளை நிறுத்து’ என்பதை மறந்தால், முதல் விதி பத்திரப்படுத்தியதை மூன்றாவது விதி தூக்கி எறிந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது முழுப் பெட்டியையும் தரவிறக்கி வெளி வட்டில் வையுங்கள். கத்ர்போர்ன் அண்ணா, பதிவேடு மோக்காவில் பத்திரமாகத்தானே இருக்கிறது? மறுபடி போய்ப் பார்த்தால் முடிந்தது. குழுவில் மற்றவர்களிடமும் நகல் இருக்குமே!

டர்பன் அச்சகம்:
தம்பி, பெட்டியைப் பிரித்த அன்றைக்கு உங்கள் பட்டியல் எனக்குப் பயன்பட்டிருக்காது. கடையில் மூன்று பேர் ஒரே முகவரியைப் பார்க்கிறோம். யார் எந்த விதியை எப்போது போட்டார்கள் என்பதே ஒருவருக்கொருவர் தெரியாது. இப்போது விதிகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, கல்லாப் பக்கத்துச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

கத்ர்போர்ன் வாசி:
தம்பி, பதிவேடு இருக்கிறது, உண்மைதான். எண்ணுக்குப் பக்கத்தில் “உன் பாட்டி இதை இப்படித்தான் சொல்வாள்” என்று பெரியப்பா எழுதியது அதில் ஏது? நகலுக்கும் எல்லோரையும் கேட்டுவிட்டேன். ஒருவர் கணக்கையே மூடிவிட்டார். இருவர் படித்தவுடன் அழிக்கும் பழக்கம் உள்ளவர்கள். சேன்-தெனியில் இருக்கும் அத்தை மகள் மட்டும், தான் பெரியப்பாவுக்கு எழுதிய பதில் ஒன்றைத் தேடி எடுத்து நேற்றிரவு அனுப்பினாள். பதிலுக்குக் கீழே அவருடைய மடல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது: “கப்பலை விட்டு இறங்கும்போது அவருக்கு வயது பத்தொன்பது. இடுப்பில் ஒரு” என்பதுவரை. மீதியை அவள் அப்போதே வெட்டிவிட்டிருக்கிறாள். அவளுடைய பழைய மடிக்கணினி அலமாரியில் கிடக்கிறதாம். சார்ஜர் தேடிக்கொண்டிருக்கிறாள்.