வில்னாவில் இத்திஷ் நூல்கள் எவ்வாறு காப்பாற்றப்பட்டன?

கேள்வி:
இரண்டாம் உலகப் போருக்கு முன் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் பேசிய, ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷின் நூல்கள், வில்னா (இன்றைய லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸ்) நகரில் நாஜிகளிடமிருந்து மறைத்துக் காக்கப்பட்டதாக அறிகிறேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. 1925-இல் வில்னாவில் தொடங்கப்பட்ட யிவோ என்ற இத்திஷ் ஆய்வு நிறுவனத்தைக் கைப்பற்றிய நாஜிகள், ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டியவற்றைப் பிரித்தெடுத்து, எஞ்சியவற்றைக் காகித ஆலைக்குத் தள்ளும் வேலையை, கெட்டோவில் (யூதர்களை அடைத்து வைத்த நகரப் பகுதி) இருந்த யூத அறிஞர்களிடமே ஒப்படைத்தனர். கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவர் உள்ளிட்ட அக்குழுவினர், பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே, கையெழுத்துப் படிகளை உடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, கெட்டோவின் மறைவிடங்களில் பாதுகாத்தனர். ‘காகிதப் படை’ என்று அவர்களை அழைத்தார்கள். பசியால் வாடியவர்கள் ரொட்டிக்குப் பதிலாகத் தாள்களைச் சுமந்து வந்ததை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது.

மறுமொழி 2:
போர் முடிந்தபின் சோவியத் ஆட்சியிலும் ஆபத்து நீங்கவில்லை. அப்போது அந்தானாஸ் உல்பிஸ் என்ற லித்துவேனிய நூலகர், யூதரல்லாதவராக இருந்தும், எஞ்சிய ஆவணங்களைத் தேவாலயம் ஒன்றில் மறைத்து வைத்தார். அவருக்குரிய புகழ் இன்னும் கிட்டவில்லை என்றே கருதுகிறேன்.

மறுமொழி 3:
நூல்களோடு பேச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் வாழும் ஹசிடிக் எனும் மரபுவழி யூதக் குடும்பங்களில், குழந்தைகள் இன்றும் இத்திஷையே தாய்மொழியாகக் கற்று வளர்கின்றனர்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உல்பிஸைப் பற்றி இன்றுதான் அறிந்தேன்.