தெர்மாமீட்டர் உடைஞ்சு பாதரசம் சிதறிடுச்சு, என்ன பண்றது?

கேள்வி:
பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் கீழ விழுந்து உடைஞ்சிருச்சு, பாதரசம் குட்டி குட்டி முத்தா தரை பூரா ஓடுது. குழந்தை வேற இருக்கா, பயமா இருக்கு. கூட்டி குப்பைல போட்டுடலாமா?

பதில் 1:
விளக்குமாறு, வேக்யூம் கிளீனர் ரெண்டுமே வேணாங்க, இன்னும் சின்னதா உடைஞ்சு ஆவி பரவும். முதல்ல குழந்தையை வெளிய அனுப்பிட்டு ஜன்னலை திறங்க. கையில தொடாம கெட்டி அட்டையால தள்ளி ஒண்ணு சேர்த்து, மிச்சத்தை டேப்புல ஒட்டி எடுத்து இறுக்கமான மூடி இருக்குற பாட்டில்ல போட்டு வைங்க.

பதில் 2:
குப்பைலயோ சிங்க்லயோ மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ். அது தண்ணிக்கு போனா அடிமண்ணுல இருக்குற பாக்டீரியா அதை மீத்தைல் மெர்குரிங்கற உடம்புல சேர்ற பாதரச விஷமா மாத்திடும், அதை பாசி எடுக்க, பாசியை சின்ன மீன் தின்ன, சின்ன மீனை பெரிய மீன் தின்னன்னு ஒவ்வொரு படியிலயும் அளவு ஏறிக்கிட்டே போகும். ஜப்பான்ல மினமாட்டாவுல ஒரு கெமிக்கல் ஃபேக்டரி பாதரசம் கலந்த கழிவை கடல்ல விட்டு, அங்க மீன் சாப்பிட்டவங்களுக்கு வந்த நோய் 1956ல வெளிய தெரிஞ்சப்போ பூனைங்க கூட வலிப்பு வந்து செத்திருக்கு. அம்மாவுக்கு பெருசா ஒண்ணும் இல்லாம வயித்துல இருந்த குழந்தைக்கு மூளை பாதிச்சது, அதை படிச்சப்போ மனசே ஆறல.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, பாட்டில்ல எடுத்துட்டேன். அப்போ மீனே சாப்பிடக்கூடாதா? நான் இப்போ கர்ப்பமா இருக்கேன்.

பதில் 2:
சாப்பிடுங்க, நல்லதுதான். சுறா, வாள்மீன் மாதிரி பெரிய மீன் மட்டும் வேணாம். மத்தி, நெத்திலில ரொம்ப கம்மி. ஆவி சுவாசிச்சிருப்பீங்கன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

பதில் 3:
அந்த பாட்டிலை அபாயக் கழிவு எடுக்குறவங்ககிட்ட குடுங்க, அடுத்தது டிஜிட்டல் வாங்கிக்கோங்க.