பைத்தானில் பிழைக் கணக்கு: அளவுகோலின் பொதுப் பிழையை எங்கே சேர்ப்பது?

வணக்கம் நண்பர்களே. தனி ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் கணக்கிடுகிறேன். பிழைகளைத் தானாகவே கணக்கிடும் பைத்தானின் 'அன்சர்ட்டன்டீஸ்' தொகுப்பில் நீளம் 1.000 ± 0.002 மீட்டர், அலைவு நேரம் 2.007 ± 0.005 விநாடி என்று, மதிப்பையும் பிழையையும் சேர்த்து வைக்கும் யூஃப்ளோட் கட்டளையில் கொடுத்து, வழக்கமான சூத்திரத்தில் போட்டால் 9.80 ± 0.05 வருகிறது. கையால் போட்டாலும் அதேதான். நேரம் வர்க்கமாக வருவதால் அதன் 0.25 சதவீதப் பிழை இரட்டிப்பாகி, நீளத்தின் 0.2 சதவீதத்தை அமுக்கிவிடுகிறது. வகைக்கெழு எடுக்கும் வேலையே இல்லை, அருமையான கருவி.

சிக்கல் அடுத்த கட்டத்தில். பல நீளங்களுக்கு அளந்து, சைபை என்ற அறிவியல் கணிப்புத் தொகுப்பின் கர்வ்_ஃபிட் கட்டளை மூலம் நீளத்துக்கும் நேரத்தின் வர்க்கத்துக்கும் நேர்கோடு பொருத்துகிறேன். சாய்வும் வெட்டுத்துண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால், கிடைக்கும் கோவேரியன்ஸ் அணியை (பிழைகளையும் அவற்றின் தொடர்பையும் காட்டும் அட்டவணை), அந்தத் தொடர்பைக் கணக்கில் எடுக்கும் அன்சர்ட்டன்டீஸின் கோரிலேட்டட்_வேல்யூஸ் கட்டளைக்குக் கொடுக்கிறேன். அதுவரை சரி. ஆனால் எல்லா நீளங்களையும் ஒரே அளவுகோலில்தான் அளந்தேன். அதன் பிரிவுகள் சற்றே நீண்டிருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே விகிதத்தில் நகரும். கர்வ்_ஃபிட்டுக்கு அது தெரியாது.

இந்த விகிதத்தை 1 ± 0.001 என்று தனி யூஃப்ளோட்டாக வைத்து, கடைசியில் சாய்வோடு பெருக்கினால் போதுமா? இல்லை, மதிப்புகளைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை கணக்கிடும் மான்டே கார்லோ முறைக்குத்தான் போக வேண்டுமா? அப்புறம், கர்வ்_ஃபிட்டில் நாம் கொடுக்கும் பிழைகளை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆப்சொலூட்_சிக்மாவை ட்ரூ என்று வைப்பதா, விடுவதா? செய்து பார்த்தவர்கள் இரண்டு வரி நிரலோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.